கானில் விட்டது கீழே வரும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பதுளைப் பக்கத்து மலைகளில் கான்கள் எப்படிப் பாயும் என்பதை உங்களில் பலர் கண்ணால் கண்டிருப்பீர்கள். காணாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலை மலையின் சரிவைக் குறுக்கே வெட்டி, மழைத் தண்ணீர் மண்ணை அரித்துவிடாமல் ஓரமாக இறக்கிவிடுவதற்கென்று அமைத்த சிறு வாய்க்காலைத்தான் தோட்டங்களில் கான் என்பார்கள். வெயில் காலத்தில் அது வெறும் மண்கோடு. மழைக் காலத்தில் மேல்மலைத் தண்ணீர் முழுவதும் அதற்குள்தான் இறங்கி வரும்.

எங்கள் நானாவின் வீடு பதுளையிலிருந்து பசறை போகும் பாதையில், டவுனைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. முன்புறம் பலசரக்குக் கடை. பின்புறம் சமையலறை. சமையலறையை ஒட்டினாற்போல் கான். மேலே தோட்டத்து லயங்கள். ஒரு மழை நாளில் மதினியோடு சமையலறை ஜன்னலருகே நின்று பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். கலங்கிய தண்ணீரோடு ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. பிஸ்கட் உறை. பால்மா பக்கற். பிள்ளைக்குக் கட்டிக் கழற்றிய பெம்பர்ஸ். ஒற்றைச் செருப்பு. அதன் பின்னால், காற்று நிறைந்து பலூன் போல் உப்பிய ஒரு சொப்பிங் பேக். அதில் அச்சிட்டிருந்த எழுத்தைப் படித்ததும் மதினி சிரித்துவிட்டார். அது நானாவின் கடைப் பெயர்!

சம்பள நாளன்று சீனியும் பருப்பும் போட்டுக் கொடுத்த பை, தன் வேலையை முடித்துக்கொண்டு, கொடுத்தவர் வீட்டுப் பின்வாசலுக்கே திரும்பி வந்திருக்கிறது. சிரிப்பு அடங்கிய பிறகு மதினி ஒன்று கேட்டார்.

"நம்மட பேர் போட்ட பை நம்மட கானையே அடைச்சா, யாரப் போய் ஏசுற?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அதைத் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை எழுதும்படி ஆயிற்று.

கானில் இறங்கிய பை அங்கேயே நின்றுவிடுவதில்லை. கான் ஓடையில் சேரும். ஓடை பதுளு ஓயாவில் சேரும். பதுளு ஓயாதான் டவுனைக் கடந்து போய், நாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கும் துன்ஹிந்த நீர்வீழ்ச்சியாகச் சுமார் 64 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. அதற்குப் பிறகு அது மகாவலியோடு கலக்கிறது. மகாவலி எங்கே போய்க் கடலில் சேர்கிறது தெரியுமா? மூதூர்ப் பக்கம், கொட்டியாரக் குடாவில். பதுளையில் கடை வைத்திருக்கும் நமக்கும், மூதூரிலும் கிண்ணியாவிலும் வலை வீசிப் பிழைக்கும் நம் சகோதரர்களுக்கும் இடையில் இப்படி ஓர் ஆற்று உறவு உண்டு. வீசிய பைகள் எல்லாம் அவ்வளவு தூரம் போய்ச் சேர்வதில்லை என்பது உண்மைதான். பெரும்பாலானவை நடுவழியில் கல்லிலும் வேரிலும் அணைக்கட்டிலும் சிக்கிக்கொள்ளும். நம்மைப் பொறுத்தவரையில் அதுதான் பெரிய ஆபத்து.

ஏனென்றால் நாம் இருப்பது மலையில். சரிவான நிலத்தில் மழைத் தண்ணீர் ஓடிப் போக வேண்டும். ஓட வழியில்லாமல் தேங்கினால் அது மண்ணுக்குள் ஊறும். ஊறிய மண் பாரம் கூடும், பிடி தளரும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை மண் மூடிய நாளை இந்த மாகாணத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டத்தின் எத்தனையோ இடங்களில் மலை இறங்கியதும் நேற்று நடந்தது போல் இருக்கிறது. இவை குப்பையால் வந்தவை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது தவறு. பெருமழையும், மண்ணின் தன்மையும், மலையை வெட்டியதும், ஆபத்து என்று தெரிந்த இடத்திலேயே மக்கள் வாழ நேர்ந்ததும் அவற்றுக்குப் பின்னால் இருக்கின்றன. ஆனால் மண்சரிவு அபாயம் உள்ள இடங்களில் இருப்போருக்கு அதிகாரிகள் சொல்லும் முதல் புத்திமதிகளில் ஒன்று, வீட்டைச் சுற்றியுள்ள கான்களை அடைபடாமல் வைத்திருங்கள் என்பதாகும். மழையை நிறுத்த நம்மால் முடியாது. கானில் பையைப் போடாமல் இருக்க முடியும்.

லொறி வராத இடம்

டவுனில் இருக்கும் சகோதரிகள், "குப்பை லொறி வரும்போது கொடுத்தால் சரிதானே" என்று கேட்கக்கூடும். பதுளைக்கும் பண்டாரவளைக்கும் மாநகர சபை இருக்கிறது. அப்புத்தளைக்கு நகர சபை இருக்கிறது. தோட்டத்தின் கதை வேறு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபை தன் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்களிப்பார்கள். அந்தச் சபையால் அவர்களது லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு கல்லைப் போடவும் முடியாது, ஒரு கூடை குப்பையை அள்ளவும் முடியாது. முப்பது வருடத்துக்கு மேல் இந்த நிலை நீடித்து, 2018இல்தான் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது.

சட்டம் திருந்திவிட்டது என்பதற்காக மறுநாளே ட்ரக்டர் மலையேறிவிடாது என்பது உங்களுக்குத் தெரியும். பாதை வேண்டும், டீசல் வேண்டும், ஆள் வேண்டும். ஆகவே, "தோட்டத்துச் சனங்களுக்குச் சுத்தம் தெரியாது" என்று நம்மில் சிலர் வாய் கூசாமல் சொல்வதைக் கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பம். வாசலைத் தாண்டினால் அடுத்த வீட்டு வாசல். அதைத் தாண்டினால் கான். அந்தத் தாய் குப்பையை எங்கே வைப்பாள்? நாம் விற்ற பையைத்தான் அவள் வீசுகிறாள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

லொறி வந்து அள்ளிக்கொண்டு போனால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடுமா? அதுவும் இல்லை. நம் நாட்டில் நாளொன்றுக்குச் சுமார் 7,000 தொன் குப்பை சேர்வதாகவும், அதில் பாதியளவைத்தான் உள்ளூராட்சி மன்றங்கள் அகற்றுவதாகவும் மதிப்பிடப்படுகிறது. அந்தப் பாதி போகும் இடத்தைப் பாருங்கள். கொழும்பின் குப்பையை வருடக்கணக்காகக் கொட்டிய மீதொட்டமுல்லை மேடு, 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்திலேயே சரிந்து வீடுகள் மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் அதில் இறந்தார்கள். அம்பாறை மாவட்டத்தில், நம்மவர்கள் நிறைந்து வாழும் ஊர்களின் குப்பை ஒலுவில் பள்ளக்காட்டில் கொட்டப்படுகிறது. அங்கே பசியோடு வரும் யானைகள் உணவோடு பொலித்தீனையும் சேர்த்து விழுங்கின. எட்டு வருட காலத்தில் சுமார் 20 யானைகள் அப்படி இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. வாயில்லா ஜீவன்கள் பொலித்தீனை ஏன் தின்றன? அதில் நம் வீட்டுச் சோறும் கறியும் ஒட்டியிருந்ததால்தான்.

இந்த ஒட்டியிருக்கும் சோற்றைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பிறகு அதற்கு வருகிறேன்.

அடுப்புக்குள் போகும் பை

லயத்துப் பெண்கள் எல்லோரும் பையை வீசிவிடுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பலர் எடுத்து மடித்துக் கூரை இடுக்கில் செருகி வைப்பார்கள். எதற்கு? அடுப்புப் பற்ற வைக்க.

மதினியோடு மேலே லயத்துக்குப் போனபோது நானே கண்டேன். மழையில் நனைந்த விறகு. ஒரு பெண்மணி சொப்பிங் பேக்கைக் கயிறு போல் முறுக்கி, நெருப்பு வைத்து, விறகுக்கடியில் செருகினார். சொட்டுச் சொட்டாய் உருகி விழுந்து எரிந்தது. கறுத்த புகை எழும்பிக் கூரையைத் தொட்டது. பக்கத்தில் மூன்று வயதுப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. மதினி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அவர் முந்திக்கொண்டார்.

"என்னக்கா செய்ய, மண்ணெண்ணெ விக்கிற வெலைக்கு இதுதான் கட்டுப்படியாகுது. இத வச்சா சட்டுனு புடிச்சிக்கும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்கு ஏறியது. அதுவரை ஒரு மூடி மண்ணெண்ணெய் ஊற்றி அடுப்புப் பற்ற வைத்த வீடுகளில் பொலித்தீன் புகுந்துகொண்டது. டவுனில் காஸ் கிடைக்காத அந்த மாதங்களில் நம்மில் எத்தனை பேர் இதையே செய்தோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அந்தப் புகை விறகுப் புகை அல்ல. விறகுப் புகையே மார்புக்குக் கெடுதி. பிளாஸ்டிக் புகை அதைவிடப் பல மடங்கு கெடுதி. பிளாஸ்டிக்குகளைக் கலந்து குறைந்த சூட்டில் எரிக்கும்போது, முக்கியமாகப் பீவீசீ வகையை எரிக்கும்போது, டயொக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. அது உடம்பின் கொழுப்பில் தங்கி மெல்ல மெல்லச் சேரும். தாயின் பால் வழியாகப் பிள்ளைக்கும் போகும். இதைக் கேட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுப்பதை யாரும் நிறுத்திவிட வேண்டாம். நிறுத்த வேண்டியது அடுப்பில் பை போடுவதை! குப்பையோடு சேர்த்துப் பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதை 2017 செப்டெம்பர் 1 முதல் சட்டமும் தடை செய்திருக்கிறது. வீட்டு அடுப்புக்குள் சட்டம் எட்டிப் பார்க்காது என்பது வேறு விஷயம்.

அப்படியானால் ஈர விறகை எப்படிப் பற்ற வைப்பது? நம் மாகாணத்திலேயே வழி இருக்கிறது. பண்டாரவளை, பெரகலைப் பக்கங்களில் பைனஸ் மரங்கள் நிறைய. அதன் காய்ந்த காயிலும் உதிர்ந்த ஊசி இலையிலும் பிசின் உண்டு. ஒரு கை அள்ளி வைத்தால் நன்றாகப் பிடிக்கும். தோடம்பழத் தோலை வீசாமல் அடுப்போரத்தில் காயப்போட்டு வையுங்கள். அந்தத் தோலில் எண்ணெய் இருக்கிறது. பிபிலைத் தோடம்பழம் விளையும் மாகாணத்தில் அதற்குப் பஞ்சமில்லை. தேங்காய்ச் சிரட்டையை உடைத்து வைத்தாலும் போதும். மதினி ஒரு பழைய டின் நிறையத் தோடம்பழத் தோல் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்தப் பெண்மணி மணந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அடுத்த கிழமை, "பைனஸ் காயே நல்லா புடிக்குதுக்கா, புள்ளைங்க பொறுக்கிட்டு வருதுக" என்றார். நாம் சொல்லிக் கொடுக்கப் போய், அவர் நமக்குச் சொல்லித் தந்தார்!

சோற்றையும் பையையும் பிரித்து வைத்தால்

மதினியின் முதல் முயற்சி படுதோல்வி. அதை ஒளிக்காமல் சொல்லிவிடும்படி அவரே கேட்டுக்கொண்டார்.

நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, தேங்காய்ப்பூச் சக்கை, முட்டைக்கோது, மிஞ்சிய சோறு. இதைத் தனியாக எடுத்துவிட்டால் மீதிக் குப்பை பாதியாகிவிடும் என்பதோடு இன்னொரு நன்மையும் உண்டு. மீதி சுத்தமாக இருக்கும். ஈரமும் நாற்றமும் இல்லாத போத்தலையும் கடதாசியையும் யாரும் வாங்கிக்கொள்வார்கள். கறி ஒட்டிய கடதாசியை யார் வாங்குவார்? நாயும், காகமும், எலியும், காட்டுப்பன்றியும் குப்பைப் பையைக் கிழிப்பது அந்தச் சோற்றுக்காகத்தான். பள்ளக்காட்டு யானையும் அதற்காகத்தான் வந்தது. ஆகவே குப்பைப் பிரச்சினையின் முடிச்சு சமையலறையில்தான் இருக்கிறது. அதை அவிழ்க்கும் கையும் பெரும்பாலும் நம் கைதான்.

இதை வாசித்துவிட்டு மதினி ஒரு பழைய பீப்பாயை வைத்து, வீட்டுக் கழிவு அத்தனையையும் அதில் கொட்டினார். சோறு, மீன் செதில், இறைச்சி எலும்பு, எல்லாம். பத்தே நாளில் பக்கத்து வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். புழு நெளிந்தது. ஓர் இரவில் காட்டுப்பன்றி பீப்பாயை உருட்டிவிட்டுப் போனது. நானா, "இது நமக்குச் சரிவராது" என்று சொல்லிவிட்டார். ஆண்கள் எவ்வளவு விரைவாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்!

தவறு எங்கே என்பது பிறகுதான் புரிந்தது. ஈரக் கழிவை மட்டும் போட்டால் அது உக்காது, அழுகும். உக்குவதற்குக் காற்று வேண்டும். காற்றுக்கு இடம் விடுவதற்கு உலர்ந்த சருகு வேண்டும். இரண்டாம் தடவை மதினி செய்ததை அப்படியே தருகிறேன். பீப்பாயின் அடியிலும் பக்கத்திலும் விரல் நுழையும் துளைகள் போட்டு, கற்கள் மேல் தூக்கி வைத்தார். அடியில் சுள்ளிகளும் சருகும் ஒரு முழ உயரத்துக்கு. ஒரு கோப்பை காய்கறிக் கழிவு போட்டால் அதன் மேல் இரண்டு, மூன்று கோப்பை சருகு. சருகுக்கு எங்கே போவது? தேயிலைக்கு நிழலாக நிற்கும் சவுக்கு மரத்தின் இலை பாதையெல்லாம் கொட்டிக் கிடக்கிறதே! இடையிடையே ஒரு கை மண். அந்த மண்ணில்தான் உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. கிழமைக்கு ஒரு தடவை கம்பால் கிளறிவிட வேண்டும். ஈரப்பதம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். பிழிந்து உதறிய துணி போல் இருந்தால் சரி. தண்ணீர் சொட்டினால் சருகு போடுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். மழைக்கு மூடி கட்டாயம் வேண்டும்.

மீன், இறைச்சி, எண்ணெய் இவற்றைப் போடவே வேண்டாம். காட்டுப்பன்றியை அழைப்பது அதுதான். மிஞ்சிய சோறு கோழிக்குப் போகலாம். அதைவிட நல்லது, மிஞ்சாமல் உலை வைப்பது. இன்னொன்று. பதுளையில் மூன்று மாதத்தில் உக்குவது, குளிர் கூடிய அப்புத்தளையில் இன்னும் நாளெடுக்கும். பொறுமை வேண்டும். சரிவில் வீட்டுக்கு மேற்புறம் குழி தோண்டிக் குப்பை போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். மழைக்கு அந்தக் குழி குளமாகி, தண்ணீர் சரிவுக்குள் இறங்கும். பீப்பாயோ, பழைய பெயின்ட் வாளியோ, சமமான இடத்தில் நிலத்துக்கு மேல் வைப்பதே மலைக்கு ஏற்றது.

மூன்று மாதம் கழித்து மதினி மூடியைத் திறந்து காட்டினார். கறுத்த, பொலபொலப்பான கூட்டெரு. நாற்றமே இல்லை. புது மழைக்கு மண் மணக்குமே, அந்த வாசம். கறிவேப்பிலைச் செடிக்கும் போஞ்சிக்கும் போட்டார். நானா இப்போது வருவோர் போவோருக்கெல்லாம் பீப்பாயைத் தானே காட்டுகிறார்.

கூட்டெருவின் அருமை வெலிமடைப் பக்கத்துச் சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குருத்தலாவையிலும் சில்மியாபுரத்திலும் தோட்டம் செய்யும் குடும்பங்கள் 2021ஐ மறந்திருக்காது. அவ்வருடம் மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரென்று தடை செய்யப்பட்டு, நவம்பரில் தடை நீங்கும்வரை உருளைக்கிழங்குக்கும் கோவாவுக்கும் போட எதுவுமில்லாமல் விவசாயிகள் தவித்தார்கள். வீட்டுக் கூட்டெரு இருந்திருந்தால் அந்தக் கஷ்டம் வந்திருக்காது என்று சொன்னால் அது கதை. ஒரு வயலுக்கு வேண்டிய உரம் ஒரு வீட்டுப் பீப்பாயிலிருந்து வராது. ஆனால் ஒரு வீட்டுத் தோட்டத்துக்குத் தாராளமாக வரும். ஊர்க் குப்பையிலிருந்து கூட்டெரு செய்யும் நிலையங்களும் நாட்டில் இருக்கின்றன. மத்திய சுற்றாடல் அதிகார சபை 2008இல் தொடங்கிய பிலிசரு திட்டத்தின் கீழ் பல சபைகளுக்கு அவை அமைந்தன. நமக்கு அடுத்திருக்கும் பலாங்கொடை நகர சபையின் நிலையம் பேர்பெற்றது. அங்கே போகும் குப்பையில் கண்ணாடியும் பொலித்தீனும் கலந்திருந்தால் உரத்திலும் அவைதான் வரும். அந்தக் கலப்பு நம் வீட்டு வாளியில்தான் தொடங்குகிறது.

போத்தலும் கானும்

சுத்தமாகப் பிரித்த மீதியை என்ன செய்வது? பழைய போத்தல், பேப்பர் வாங்கும் மனிதர் டவுன் வீதிகளில் வருவார். தோட்டத்துக்கு வரமாட்டார் என்றால் கடைக்காரர் ஒரு மூலையில் இரண்டு உரச்சாக்கு கட்டிவைத்துச் சேர்த்துக் கொடுக்கலாம். நானா அப்படித்தான் செய்கிறார். கண்ணாடியை எத்தனை தடவை உருக்கினாலும் மறுபடி கண்ணாடியாகும். ஹொரணையில் உள்ள போத்தல் தொழிற்சாலை உடைந்த கண்ணாடியையும் உருக்கிப் போடுகிறது. கடதாசி மறுபடி கடதாசியாகும். பிளாஸ்டிக் போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1, 2, 5 என்று இருப்பவற்றை வாங்குவார்கள். பால்மா பக்கற்றை மட்டும் எவரும் வாங்கமாட்டார்கள். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றோடொன்று ஒட்டிய தாள் அது. பிரித்தெடுப்பது லேசான காரியமல்ல. அதை நன்றாகக் கழுவி நாற்றுப் பையாக மதினி பாவிக்கிறார். அதுவும் ஓரளவுக்குத்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். களைநாசினி, பூச்சிநாசினி வந்த கானைக் கழுவித் தண்ணீர் எடுக்கவும் மண்ணெண்ணெய் வாங்கவும் வைத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தோட்டத்திலும் சரி, வெலிமடை வயல்களிலும் சரி. எத்தனை தடவை கழுவினாலும் அந்தப் பிளாஸ்டிக்குக்குள் ஊறிய நஞ்சு முழுவதும் போகாது. கழுவிய தண்ணீரும் ஓடைக்குத்தான் போகும். மீள்பாவனை நல்லதுதான், இந்தக் கானுக்கு மட்டும் அது பொருந்தாது. அடியில் ஓட்டை போட்டு, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

யோகட் கப், சிரட்டை, டயர் இவற்றில் மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு முட்டையிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. 2017இல் நாட்டில் 180,000க்கும் அதிகமானோருக்கு டெங்கு கண்டதை நினைவுபடுத்துவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சஹனும் லன்ச் சீற்றும்

இனி நம் பக்கம் வருவோம். உம்மம்மா காலத்துக் கந்தூரி நினைவிருக்கிறதா? ஒரு சஹன், அதைச் சுற்றி ஆறு பேர். சாப்பிட்டு முடிந்தால் கழுவ ஒரு தட்டு. குப்பை என்று எலும்பைத் தவிர ஒன்றும் இராது. இன்று அதே விருந்தில் ஆறு பேருக்கு ஆறு பெட்டி, ஆறு பிளாஸ்டிக் கரண்டி, ஆறு தண்ணீர்ப் போத்தல். சட்டம் தன் பங்குக்கு ரெஜிபோம் பெட்டியையும் லன்ச் சீற்றையும் 2017இல் தடுத்தது. பிளாஸ்டிக் கரண்டி, ஸ்ட்ரோ போன்றவற்றை 2023 ஒக்டோபரில் தடுத்தது. பெயர் மாறி வேறொரு பெட்டி வந்துவிட்டது. சட்டத்தைவிட சஹன் நல்ல வழி என்பது என் எண்ணம்.

ரமழானில் பள்ளிவாசலில் கஞ்சி வாங்க முன்பெல்லாம் பிள்ளைகள் கேத்தலும் தூக்குச்சட்டியுமாக வரிசையில் நிற்பார்கள். இப்போது கொதிக்கும் கஞ்சியை மெல்லிய பொலித்தீன் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறார்கள். சூடான கஞ்சி பொலித்தீனில் படுவது உடம்புக்கும் நல்லதல்ல. பள்ளி நிர்வாகத்துக்கு நாம் கடிதம் எழுத வேண்டியதில்லை. பிள்ளையின் கையில் ஒரு தூக்குச்சட்டியைக் கொடுத்து அனுப்பினால் போதும். நோன்பு திறந்த பிறகு பள்ளி முற்றத்தில் கிடக்கும் போத்தல்களைப் பார்க்கும்போது, பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் தர்மம் என்று மத்ரஸாவில் ஓதியதெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது. ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யாக் கழிவை ஓடையில் விடாமல் ஆழமாகப் புதைக்கும்படி வீட்டு ஆண்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கடை விஷயத்துக்கு வருகிறேன். ஊவாவின் சிறு டவுன்களில், தோட்டத்துச் சந்திகளில், கடை வைத்திருப்போரில் நம்மவர் பலர். லயத்துக்குப் போகும் பைகளில் கணிசமானவை நம் கைகளால் எடுத்துக் கொடுக்கப்பட்டவை. 2025 நவம்பர் 1 முதல் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, விலை அறவிட்டுப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. நானாவுக்கு அது பெரிய சங்கடமாகிவிட்டது. கடனுக்குச் சாமான் வாங்கும் குடும்பத்திடம் பைக்கு வேறு காசு கேட்பதா? கேட்காமல் சும்மா கொடுத்தால் விதியை மீறியதாகாதா?

வழி சொன்னவர் மதினிதான். வீட்டில் கிடந்த பழைய சீத்தைத் துணி, கிழிந்த திரைச்சீலை, நானாவின் தேய்ந்த சாரம் எல்லாவற்றையும் வெட்டி, கால் தையல் மெஷினில் இருபது பை தைத்தார். கடை வாசலில் ஓர் ஆணி அடித்து அவற்றைத் தொங்கவிட்டார். பை கொண்டு வராதவர்கள் ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம். அடுத்த தடவை வரும்போது திருப்பித் தொங்கவிட வேண்டும். காசும் இல்லை, கணக்கும் இல்லை. "ஒரு கிழமைல ஆணி மட்டும்தான் மிஞ்சும்" என்று நானா சொன்னார்.

ஒரு மாதம் கழித்து எண்ணியபோது பதின்மூன்று பைகள் ஆணியில் இருந்தன. ஏழு திரும்பி வரவில்லை. அந்த ஏழில் ஒன்றைக் கொழுந்தெடுக்கப் போகும் ஒரு பெண்மணி சோற்றுப் பையாகத் தோளில் மாட்டிக்கொண்டு கடையைக் கடந்து போவதை மதினி கண்டார். திருப்பிக் கேட்கவில்லை. இப்போது இன்னும் ஏழு தைத்துக்கொண்டிருக்கிறார். சாரம் தீர்ந்துவிட்டதாம். உங்கள் வீட்டில் பழைய துணி இருந்தால் கொடுத்தனுப்பச் சொன்னார்.